நீலகிரியின் சுகாதார நிலையங்களுக்கான பயிற்சியும் துணையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியின் ஆறு வட்டங்களிலும் உள்ள அரசு சுகாதார நிலையங்களிலும், தோட்டத்து ஆஸ்பத்திரிகளிலும், பழங்குடி மக்களிடையே பணியாற்றும் தொண்டு மருத்துவமனைகளிலும் வேலை செய்வோர், பயிற்சி வகுப்புகளின் தேநீர் இடைவேளையில் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வகுப்பு நடக்கும்போது கைதூக்கிக் கேட்கப்பட்டவை இவற்றில் மிகச் சில.

துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், சமுதாய சுகாதார நிலையம், நலவாழ்வு மையம் என்று பல பெயர்கள் வழங்குகின்றன. இங்கே சொல்லப்படுபவை எவற்றுக்குப் பொருந்தும்?

எல்லாவற்றுக்கும் பொருந்தும். இந்திய பொது சுகாதாரத் தர வரையறைப்படி, சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையமும், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், 1,20,000 பேருக்கு 30 படுக்கைகள் கொண்ட ஒரு சமுதாய சுகாதார நிலையமும் இருக்க வேண்டும். மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் இந்த எண்கள் முறையே 3,000, 20,000, 80,000 எனக் குறைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் சமுதாய சுகாதார நிலையத்துக்குரிய வேலையைப் பெரும்பாலும் வட்டார அளவில் மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களே செய்து வருகின்றன. மக்கள் வழக்கில் இவை எல்லாம் "பி.எச்.சி.", "ஜி.எச்." என்ற இரண்டு பெயர்களுக்குள் அடங்கிவிடும்.

மக்கள்தொகையைக் குறைத்துக் கணக்கிட்டதால் மட்டும் மலையின் சிரமம் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பந்தலூர் வட்டத்தில் 3,000 பேர் என்றால், அவர்கள் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலும், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பழங்குடி ஊர்களான பாடிகளிலும், யானை நடமாட்டத்தால் மாலை ஆறு மணிக்குமேல் போக முடியாத குடியிருப்புகளிலும் சிதறிக் கிடப்பவர்கள். பயிற்சியும் துணையும் எப்படி அமைய வேண்டும் என்ற கேள்வி இந்த நிலவரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறேன். பயிற்சி வேண்டும் என்று யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடமும், அவர் வழியாக மாவட்ட சுகாதார அலுவலரின் அலுவலகத்திலும் கேளுங்கள். யார் எந்தப் பயிற்சியை எந்த ஆண்டில் முடித்தார்கள் என்ற பதிவேடு அங்கே இருக்க வேண்டும். அதில் உங்கள் பெயருக்கு எதிரே வெற்றிடம் இருந்தால், அடுத்த பட்டியலில் சேர்க்கும்படி எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். வாய்மொழியாகக் கேட்டவை பட்டியல் தயாராகும் நாளில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

பணி மாறுதலில் வருகிறவர்கள் பழைய மாவட்டத்தில் முடித்த பயிற்சிச் சான்றுகளின் நகல்களைக் கையோடு கொண்டுவர வேண்டும். ஒரே பயிற்சிக்கு மூன்று முறை அனுப்பப்பட்ட கிராம சுகாதார செவிலியர்களையும், ஒரு முறைகூட அனுப்பப்படாத அவர்களுடைய பக்கத்து நிலையத்துச் சகோதரிகளையும் ஒரே வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

முறையான பயிற்சி நிலையங்கள் எவை?

பொது சுகாதாரத் துறையினருக்குப் பூந்தமல்லியில் உள்ள பொது சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகப் பயிற்சி அளித்து வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில், 1964இல் தொடங்கப்பட்ட காந்திகிராம ஊரக சுகாதார, குடும்ப நல அறக்கட்டளை நிறுவனம், செவிலியர்களுக்கும் அவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களுக்கும் வகுப்புகள் நடத்துகிறது. பழனி மலைப் பகுதியில் வேலை செய்வோருக்கு இது பக்கத்திலேயே இருக்கிறது. நமக்குக் கோவை வழியாக ஒரு நாள் பயணம்.

நம் மாவட்டத்தில் பெரிய மாற்றம் உதகை அரசு மருத்துவக் கல்லூரியால் வந்திருக்கிறது. 150 மாணவர் இடங்களுடன் 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட இக்கல்லூரிக்கு, 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 2025 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு மகப்பேறு, குழந்தை மருத்துவம், மயக்கவியல் போன்ற துறைகளின் பேராசிரியர்களைச் சந்திக்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குத்தான் போக வேண்டும். இப்போது அவர்கள் மலையிலேயே இருக்கிறார்கள். சமுதாய மருத்துவத் துறை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் உண்டு என்பதும், மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச் செல்வது அத்துறையின் கடமை என்பதும் பல நிலையங்களின் பொறுப்பாளர்களுக்குத் தெரிவதில்லை. நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் அவர்கள் உங்கள் நிலையத்துக்கு வர வாய்ப்பிருக்கிறது.

குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டர் நிறுவனத்தையும் மறக்க வேண்டாம். வெறிநாய்க்கடித் தடுப்பில் இந்நிறுவனத்துக்கு இந்தியாவிலேயே நீண்ட வரலாறு உண்டு.

எங்கள் நிலையத்தில் இரண்டே செவிலியர்கள். ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் இரவுப் பணிக்கு ஆளில்லை. என்ன செய்வது?

நீலகிரியில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு நேர்மையான விடை, எல்லாப் பயிற்சிக்கும் ஆளை மலையிலிருந்து இறக்க வேண்டும் என்ற பழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதாகும்.

சில பயிற்சிகளுக்குக் கட்டாயம் போகத்தான் வேண்டும். திறன்மிகு பிரசவ உதவியாளர் பயிற்சி 21 நாட்கள் நடப்பது. பிரசவம் அதிகம் நடக்கும் மருத்துவமனையில் கையால் செய்து பழகாமல் அதைக் கற்க முடியாது. ஆனால் குழந்தைக்கு மூச்சுக் கொடுத்தல், தடுப்பூசிப் பெட்டியை அடுக்குதல், பாம்புக்கடிக்கு முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை, இரத்த அழுத்தத்தைச் சரியாக அளத்தல் போன்றவற்றை உங்கள் நிலையத்திலேயே, உங்கள் கருவிகளை வைத்தே பழகலாம். புறநோயாளிகள் போன பிறகு, மதிய உணவுக்கு முன்பு, வாரம் ஒரு நாள் 20 நிமிடம் போதும். ஒரு வாரம் ஒரே தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், மருத்துவமனைப் பணியாளர், ஓட்டுநர் ஆகிய அனைவரும் உடன் நிற்க வேண்டும், ஏனெனில் இரவு இரண்டு மணிக்கு ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்க வேண்டியவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பக்கத்து நிலையத்துடன் ஆள் மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. உங்கள் செவிலியர் பயிற்சிக்குப் போகும் மூன்று நாட்களுக்கு அவர்கள் ஆள் அனுப்புவதும், அவர்களுடைய முறை வரும்போது நீங்கள் அனுப்புவதும் வட்டார மருத்துவ அலுவலரின் ஒப்புதலோடு செய்யக்கூடிய ஏற்பாடுதான்.

ஒரு நிலையத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சுக் கொடுத்துப் பழகும் பொம்மை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று பீரோவைத் திறந்து காட்டினார்கள். வந்த பெட்டி பிரிக்கப்படாமலேயே இருந்தது. இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்ட பொருள் என்பதால், பழுதானால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. தேய்ந்துபோன பொம்மைக்கு விளக்கம் கேட்கும் தணிக்கை முறையைத்தான் முதலில் திருத்த வேண்டும். பொம்மையை வெளியே எடுங்கள். கிழியட்டும்.

இணையவழிப் பயிற்சி மட்டும் போதாதா?

அறிவைப் புதுப்பித்துக்கொள்வதற்குப் போதும், கைப்பழக்கத்துக்குப் போதாது. மைய அரசின் ஐகாட் தளத்தில் உள்ள பாடங்களை உங்களுக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம். வகுப்பைவிடப் பயனுள்ளதாக நான் கருதுவது எக்கோ எனப்படும் முறை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கல்லீரல் மருத்துவராக இருந்த சஞ்சீவ் அரோரா 2003இல் இதைத் தொடங்கினார். தொலைவில் இருக்கும் சிறு மருத்துவமனைகளின் மருத்துவர்கள் குறித்த நாளில் காணொளியில் கூடி, தாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளியைப் பற்றிச் சொல்ல, நிபுணர்களும் மற்றவர்களும் சேர்ந்து விவாதிப்பதே அதன் அடிப்படை. பாடம் மேலிருந்து வருவதில்லை, உங்கள் நோயாளியிடமிருந்து வருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் இம்முறையில் பயிற்சி நடத்தியிருக்கிறது.

அலைபேசித் தொடர்பு கிடைக்காத இடங்களில் இருப்போர் பாடங்களை வட்டார நிலையத்துக்கு வரும் மாதாந்திரக் கூட்ட நாளில் பதிவிறக்கம் செய்துகொள்வது நல்லது.

பிரசவப் பயிற்சியில் மலைப் பகுதிக்கு என்று தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு, முதலாவது குளிர். சமவெளியில் எழுதப்பட்ட கையேடுகள் பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடும். உதகையில் டிசம்பர் மாத இரவில் அந்த ஒரு வரியை நிறைவேற்ற ஹீட்டர் வேண்டும், மின்சாரம் போனால் மாற்று வேண்டும், கதவிடுக்கில் காற்று வராமல் அடைக்க வேண்டும், துண்டுகளை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்துக் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து மூடுவதைப் பயிற்சியின்போதே செய்து காட்ட வேண்டும். மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்றுச் செலுத்தத் தொடங்க வேண்டும் என்பதால், அந்தக் கருவியைத் தேடும் நேரத்தையும் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தூரம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் தசை வழி ஊசி போடுவது இரத்தப்போக்கைத் தடுக்கும் முக்கியமான செயல். நமக்கு அடுத்த பெரிய மருத்துவமனை வளைவுகள் நிறைந்த சாலையில் ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கக்கூடும் என்பதால், கருப்பையை இரு கைகளால் அழுத்திப் பிடித்தபடியே ஆம்புலன்ஸில் பயணிப்பதையும் பழக வேண்டும். ஆபத்து அறிகுறி உள்ள கர்ப்பிணிகளை நாள் நெருங்கும்போதே வரவழைத்துத் தங்கவைக்கும் பிரசவகாலக் காத்திருப்பு அறைகள் தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் ஏற்படுத்தப்பட்டிருப்பது இதற்காகத்தான். அங்கே வந்து தங்கும்படி ஒரு காட்டுநாயக்கர் குடும்பத்தை இசையவைப்பது தனித் திறமை. மற்ற பிள்ளைகளுக்கு யார் சமைப்பார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் எந்த ஆலோசனையும் எடுபடாது.

அரிவாள் செல் இரத்தசோகை பற்றி எந்த அளவுக்குப் பயிற்சி தேவை?

நம் மாவட்டத்தில் மிக ஆழமாகவே தேவை. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை நோய் இது. இந்தியாவில் இந்த மரபணுக் குறைபாடு முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். பணியர், குறும்பர், இருளர் ஆகிய மக்களிடையே இது இன்றும் கணிசமாகக் காணப்படுகிறது. 2047க்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்கத்துடன் தேசிய இயக்கம் ஒன்று 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டு, 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்திருக்கிறது.

பரிசோதனை முகாம் நடத்துவதோடு பயிற்சி நின்றுவிடுவது பெரிய குறை. முதற்கட்ட இரத்தப் பரிசோதனையான கரைதிறன் சோதனையில் ஆம் என்று வந்தால், அவர் நோயாளியா, நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கும் கடத்துபவரா என்று தெரியாது. உறுதிப்படுத்தும் சோதனை தனியாகச் செய்ய வேண்டும். கடத்துபவர் நோயாளி அல்லர் என்பதைக் குடும்பத்தார்க்கு விளங்கச் சொல்லாவிட்டால், பரிசோதனை முடிவு எழுதிய ஓர் அட்டையைக் கையில் கொடுத்த பாவத்துக்கு ஒரு பெண்ணின் கல்யாணமே நின்றுபோகலாம்.

நோயாளிக்கு வலி நெருக்கடி வரும்போது செய்ய வேண்டியவற்றை எல்லாப் பணியாளரும் அறிந்திருக்க வேண்டும்: போதுமான வலி நிவாரணம், நீர்ச்சத்து, உடலைக் கதகதப்பாக வைத்தல், ஆக்சிஜன் அளவு குறைந்தால் ஆக்சிஜன். குளிரே வலியைத் தூண்டும் காரணங்களுள் ஒன்று என்பதால், நடுங்கும் வராந்தாவில் காத்திருக்கவைப்பதே நோயைக் கூட்டும். காய்ச்சலுடன் வரும் அரிவாள் செல் குழந்தையை அவசர நிலையாகவே கொள்ள வேண்டும். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை நெருக்கடிகளைக் குறைக்கிறது, ஆனால் இரத்த அணுக்களின் எண்ணிக்கையை முறையாகப் பார்த்துவர வேண்டும். கர்ப்ப காலத்தில் தவிர்க்கப்படுகிறது.

வெளியே காயமோ வீக்கமோ தெரியாமல் அலறும் இளைஞனைப் பார்த்து "நடிக்கிறான்" என்று சொன்ன பணியாளர்கள் உண்டு. பயிற்சியின் முதல் அரைமணி நேரத்தை அந்தச் சொல்லை ஒழிப்பதற்கே ஒதுக்கலாம்.

ஹீமோகுளோபின் அளவை மலை உயரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உயரம் கூடக்கூட உடல் அதிக ஹீமோகுளோபினை உண்டாக்குவதால், சமவெளியின் வரம்பை அப்படியே வைத்தால் மலையில் சில இரத்தசோகைகள் கண்ணுக்குத் தப்பும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 1,000 முதல் 1,499 மீட்டர் வரை டெசிலிட்டருக்கு 0.8 கிராமும், 1,500 முதல் 1,999 வரை 1.1 கிராமும், 2,000 முதல் 2,499 வரை 1.4 கிராமும் வரம்புடன் கூட்டிக்கொள்ள வேண்டும். கூடலூர் முதல் வகையிலும், குன்னூரும் கோத்தகிரியும் இரண்டாவதிலும், உதகை மூன்றாவதிலும் வரும். கர்ப்பிணிக்கு 11 கிராம் என்ற வரம்பு உதகையில் 12.4 ஆகிறது. பதிவேட்டில் திட்டம் கேட்கும் வரம்பின்படியே எழுதுங்கள். சிகிச்சையை முடிவு செய்யும் மருத்துவ அலுவலர் மனத்தில் இந்தக் கணக்கும் இருக்கட்டும்.

குளிர்ந்த ஊரில் தடுப்பூசி கெட்டுப்போகும் கவலை குறைவுதானே?

வெப்பத்தால் கெடும் கவலை குறைவு. உறைந்து கெடும் கவலை அதிகம். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டிடி போன்றவை ஒருமுறை உறைந்தால் மறுபடி உருகினாலும் பயன்படாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டியில் வைக்காமல், ஆட்டிப் பார்த்தால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும்வரை வெளியே வைத்திருக்க வேண்டும். உறைபனி விழும் மாதங்களில் தடுப்பூசிப் பெட்டியை இரவு முழுவதும் ஜீப்பில் விட்டுவிடக் கூடாது. உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், மருந்துப் புட்டியைக் குலுக்கி வைத்துப் பார்க்கும் குலுக்கல் சோதனை செய்யத் தெரிய வேண்டும். அதை ஒருமுறை கண்ணால் பார்க்காமல் படித்துத் தெரிந்துகொள்வது கடினம்.

பாம்புக்கடி, காட்டு விலங்குத் தாக்குதல் ஆகியவற்றுக்குப் பயிற்சி உண்டா?

பாம்புக்கடி இறப்புகளை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டம் 2024இல் வெளியானது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. எனவே ஒவ்வொரு கடியையும் பதிவு செய்வது இப்போது கடமை.

பயிற்சியில் 20 நிமிட இரத்த உறைவுச் சோதனைக்கு முதலிடம் கொடுங்கள். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாவிட்டால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ செய்தால் விடை தவறாகும். குழந்தைக்கும் பெரியவருக்கும் நச்சுமுறிவு மருந்தின் அளவு ஒன்றே. நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே ஆனது என்பதும், மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள கூன்மூக்குக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது என்பதும் நம் பகுதி மருத்துவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியவை.

யானையோ காட்டெருமையோ தாக்கிய காயங்களுக்கு விபத்துக் காயச் சிகிச்சையின் முறைகளே பொருந்தும். வெளிக்காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே இரத்தக் கசிவு இருக்கலாம்.

எங்களுக்குப் பணியர் மொழியோ படுகமோ தெரியாது. மொழிப் பயிற்சி கிடைக்குமா?

சான்றிதழ் தரும் வகுப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினராக வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு மக்களும் நம் மாவட்டத்தில் வாழ்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனி மொழிகள் உண்டு. இப்போது தோட்டங்களில் வடமாநிலத் தொழிலாளர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு செவிலியர் இத்தனையையும் கற்க முடியாது.

நடைமுறையில் வெற்றி கண்ட வழி, அந்தந்தச் சமூகத்தாரையே சுகாதாரப் பணியாளராக்குவது. கூடலூரில் 1980களில் தொடங்கிய அக்கார்டு அமைப்பின் முயற்சியிலிருந்து 1990இல் அஸ்வினி என்னும் சுகாதார அமைப்பு உருவாகி, ஆதிவாசிப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்து, கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தி வருகிறது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களையும் பயிற்றுவிக்க முடியும் என்பதை அங்கே போய்ப் பார்த்தால் அறியலாம். அரசுத் தரப்பில், தமிழ்நாட்டில் ஆஷா எனப்படும் ஊர் சுகாதாரப் பணியாளர்கள் மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் இருப்பவர்கள்தாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்களும் அந்தந்த ஊரைச் சேர்ந்தவர்களே. உங்கள் பயிற்சி வகுப்பில் இவர்களைப் பின்வரிசையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பாமல், "இதை உங்கள் பாஷையில் எப்படிச் சொல்வீர்கள்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வலி, காய்ச்சல், மாதவிலக்கு, எத்தனை நாள், எங்கே என்ற அளவில் ஐம்பது சொற்கள் ஒரு தாளில் இருந்தால் முதல் உரையாடல் நடந்துவிடும்.

பயிற்சிக்கும் சிறு கருவிகளுக்கும் பணம் எங்கிருந்து வரும்?

ஒவ்வொரு நிலையத்துக்கும் நோயாளர் நலச் சங்கமும், நிபந்தனையற்ற நிதியும் உண்டு. கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது. சங்கத்தின் கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் எழுதினால்தான் பணத்தைத் தொட முடியும். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அவசரமாகத் திரைச்சீலை வாங்குவதைவிட, ஜூலையிலேயே அறைக்கு ஹீட்டர் வாங்கலாம்.

மருந்துத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பயிற்சி உதவுமா?

ஓரளவு உதவும். 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்கு ஏற்ப மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் பின்பற்றிய முறை இது. தேவையைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்த மருந்தாளுநர் இருக்கும் நிலையத்தில் தட்டுப்பாடு குறைவு. மலையில் ஒரு திருத்தம் தேவை: தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே கூடுதல் இருப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

நடு இரவில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி வழியாக மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் ஆலோசனை பெறலாம். பொதுமக்களுக்கு 104 என்ற சுகாதார உதவி எண் இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு 108, தமிழ்நாட்டில் 2008 முதல். இவை யாவும் தேவை. ஆனாலும் எனக்குத் தெரிந்தவரை, இரவில் உண்மையில் உதவியது தெரிந்த ஒருவரின் அலைபேசி எண்தான். பயிற்சி நடத்துகிறவர்கள் வகுப்பு முடிந்ததும் போய்விடாமல், அடுத்த ஆறு மாதத்துக்கு எந்த எண்ணில் யாரைக் கூப்பிடலாம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போக வேண்டும். அப்படி எழுதாத வகுப்பில் நீங்களே எழுந்து கேளுங்கள். வருகைப் பதிவேட்டுக்குச் செலவாகும் அக்கறையில் கால் பங்கு போதும் இதற்கு.

கூடலூர், பந்தலூர்ப் பகுதியினர் நோயாளியை உதகைக்கு அனுப்புவதா, கேரளத்துக்கோ மைசூருக்கோ அனுப்புவதா என்ற முடிவையும் முன்கூட்டியே எழுதி ஒட்டி வைக்க வேண்டும். பந்திப்பூர்ச் சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடை உண்டு. ஆம்புலன்ஸுக்கு விலக்கு இருக்கிறது. கோழிக்கோட்டில் 2018இல் நிபா வைரஸ் தொற்று வந்ததிலிருந்து எல்லைச் சோதனைச் சாவடிகளில் பணியாற்றுவோருக்குத் தொற்றுத் தடுப்பு உடையை அணியவும், அதைவிட முக்கியமாகக் கழற்றவும் பழக்கம் தேவைப்படுகிறது.

தரச்சான்றிதழுக்குத் தயாராவதும் பயிற்சிதானா?

ஒழுங்காகச் செய்தால் பயிற்சி. அவசரத்தில் செய்தால் வெள்ளையடிப்பு. 2015இல் தொடங்கிய மைய அரசின் காயகல்ப் விருது தூய்மையையும் தொற்றுத் தடுப்பையும் பார்க்கிறது. 2017இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டம் பிரசவ அறையைப் பார்க்கிறது. தேசியத் தர உறுதிச் சான்றிதழுக்குக் குறைந்தது 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். சான்று மூன்றாண்டுகள் செல்லும். மதிப்பீட்டுப் பட்டியலை மாதம் ஓர் அத்தியாயமாகப் பிரித்து, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு பணியாளரைப் பொறுப்பாக்கினால், மதிப்பீட்டாளர் வரும் வாரத்தில் யாரும் தூக்கம் இழக்க வேண்டியதில்லை.

மழைக்காலத்துக்கு என்று பயிற்சி நடத்த வேண்டுமா?

ஆண்டுதோறும் மே மாதத்தில் நடத்துங்கள். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நம் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சாலை மூன்று நாள் அறுந்தால் உங்கள் நிலையத்தில் இருக்கும் ஆக்சிஜன், டீசல், நச்சுமுறிவு மருந்து, வலிப்பு மருந்து எத்தனை நாளுக்கு வரும் என்று எண்ணிப் பாருங்கள். எட்டு மாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர், இன்சுலின் போட்டுக்கொள்வோர் ஆகியோரின் பட்டியலைத் தாளில் எழுதி வையுங்கள். மின்சாரம் போன நாளில் கணினியில் இருக்கும் பட்டியலைத் திறக்க முடியாது.

தனியாக இருந்து வேலை செய்து சோர்ந்துவிட்டேன். இதற்கும் துணை உண்டா?

உண்டு. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. நோயாளிகளுக்குச் சொல்லும் எண்ணாகவே இதை நாம் நினைத்திருக்கிறோம், பணியாளர்களும் தாராளமாக அழைக்கலாம். பிரசவத்தில் ஒரு தாயோ குழந்தையோ இறந்த பிறகு நடக்கும் இறப்பு ஆய்வுக் கூட்டம் பல நேரங்களில் விசாரணை மாதிரி ஆகிவிடுவதால், அதற்குப் போகும் முன்பு, பிரசவத்தின்போது உங்களுடன் இருந்த சக பணியாளரோடு உட்கார்ந்து நடந்ததை மணி வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். மேற்பார்வை செய்யும் சமுதாய சுகாதார செவிலியர்கள் அந்த வாரத்தில் ஒரு நாளாவது நேரில் வந்து, பதிவேட்டைக் கேட்பதற்கு முன்பு, சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும்.